சகாதேவனிடமிருந்து கசிந்த பதினான்கு தகவல்கள்

செங்கம் சாலையிலிருக்கும் நிழல்வாசம் விடுதிக்கு நாற்பத்தாறு அறைகள், ஒரு காபிக்கடை, ஒரு எம்.டி. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: மொபைல் மற்றும் வைஃபை பாதுகாப்புக் கொள்கை. அது இல்லை என்பதே தெரியாமல் விடுதி ஒன்பது வருடம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை விற்றுச் சம்பாதித்து விடுதி கட்டியவர் எம்.டி. சுரேஷ்குமார். வேலூரில் நடந்த விடுதி உரிமையாளர்கள் கூட்டத்துக்குப் போனார். பந்தியில் பக்கத்து இலைக்காரர், எம்.டி.யின் கம்பெனியில் செக்யூரிட்டி பாலிசியெல்லாம் இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டுவைத்தார். எம்.டி. பாயசத்தை உறிஞ்சியபடி, "எங்ககிட்ட ஜாஸ்தியாவே இருக்குதுங்க" என்றார். சொன்ன சொல் தவறாதவர். ஊர் திரும்பும் வழியிலேயே மச்சான் விமல்ராஜுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமைக்குள் ஜாஸ்தியாக ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

விமல்ராஜ் சென்னையில் இதற்கென்றே மூன்று நாள் பயிற்சி முடித்தவர். சான்றிதழைச் சட்டம் போட்டு எடுத்து வந்தார். ‘தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலர்’ என்று பதவி கொடுத்தார்கள். கீழே யாரும் இல்லாததால் தனக்குத் தானே தலைமை வகித்துக்கொண்டார்.

வரவேற்பு மேசையில் சகாதேவன் இருந்தான். அடி அண்ணாமலைக்காரன், வயது முப்பத்து நான்கு, அந்த மேசைக்கு வந்து எட்டு வருடம். வருகிறவர்களுக்கு அறையைக் காட்டுவதும் வைஃபை பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும் அவன் வேலை. விடுதியின் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று சேர்த்தால் பாஸ்வேர்ட். எதிர்ச்சாரி இளநீர்க் கடைக்காரருக்கும் அது தெரியும். சகாதேவனுக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

திங்கட்கிழமை காலை ஊழியர்களை வரிசையில் நிறுத்தி விமல்ராஜ் பேசினார்.

"நம்ம வைஃபை நம்ம மாடித் தண்ணி டேங்க் மாதிரி. ஊரே பைப் போட்டுக் குடிச்சிட்டு இருக்குது. இனிமே பாஸ்வேர்ட் இருபத்து நாலு எழுத்து. தினம் காலைல மாத்துவேன். எழுதி வெக்கக் கூடாது, வாயால சொல்லக் கூடாது. தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். நானும் மறந்துட்டேன்னா, அன்னிக்கு முழுப் பாதுகாப்பு."

முதல் வாரத்தில் நான்கு நாட்கள் முழுப் பாதுகாப்பு கிடைத்தது.

அடுத்து ரவுட்டர். அது மாடி வராந்தாவில் சும்மா கிடந்தது. யார் கண்ணும் படாத இடத்தில் விலை உயர்ந்த பொருளை வைத்திருப்பது ஆபத்து என்று விமல்ராஜ் கண்டுபிடித்தார். கழற்றி, தெருவாசல் போர்டிகோவில், வாட்ச்மேன் சாந்த் பாஷாவின் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார். சுற்றிலும் இரும்புக் கம்பிக் கூண்டு, கூண்டுக்குப் பித்தளைப் பூட்டு. கூண்டுக்குள் நீல விளக்குகள் இரண்டு கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"இத்த நான் இன்னான்னு பாக்கணும் சார்?" என்று கேட்டார் சாந்த் பாஷா.

"கண்ணை எடுக்காம பாக்கணும்."

அன்றிலிருந்து அறைகளில் ஒரு புள்ளி சிக்னல் கிடையாது. சாலையில் போகிற ஆட்டோக்காரருக்கு முழுதாகக் கிடைத்தது. பதினோராம் அறை ஜெர்மன்காரர் பல் தேய்த்தபடியே வந்து போர்டிகோப் படியில் உட்கார்ந்து அம்மாவுடன் பேசினார். விமல்ராஜ் தன் பதிவேட்டில் எழுதினார்: ‘அறைகளுக்குள் நடக்கக்கூடிய இணையத் திருட்டு நூறு சதவீதம் ஒழிக்கப்பட்டது.’

பிறகு ஊழியர்களின் மொபைல்கள். அறை முன்பதிவு பார்க்கிற ஆப் எல்லோர் போனிலும் இருந்தது. எனவே அந்தப் போன்கள் பாதி கம்பெனியுடையவை என்று தீர்மானமாயிற்று. எந்தப் பாதி என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றிலும் இன்னொரு ஆப் ஏற்றினார்கள். அதன் மூலம் விமல்ராஜ் தன் நாற்காலியில் இருந்தபடியே யார் போனையும் பூட்டலாம், துடைத்து அழிக்கலாம். வேலை நேரத்தில் போன்கள் பழைய சாவிப் பலகையின் பொந்துகளில் இருக்க வேண்டும். சகாதேவனின் போன் பன்னிரண்டாம் பொந்துக்குக் குடிபோனது.

கடைசியாக ஒரு பயிற்சி வகுப்பு. திருடன் கம்பியூட்டரை உடைத்துக்கொண்டு வரமாட்டான், மனுஷன் வழியாகத்தான் வருவான் என்றார் விமல்ராஜ். "அன்பா பேசுவான். பேரு கேப்பான், ஊரு கேப்பான். சம்பளம் எவ்ளோ, அம்மா பேரு இன்னா, எல்லாம் அக்கறையா கேப்பான். உங்க மேல அக்கறையா ஒருத்தர் விசாரிச்சாலே அது தாக்குதல்னு புரிஞ்சிக்கணும்." சொந்த விவரங்களை வெளியாட்களிடம் சொன்னால் வேலையில்லை என்று எழுதிய உறுதிமொழியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சகாதேவனும் போட்டான். தன் மேல் அக்கறையாக விசாரிக்க யாரும் வரப்போவதில்லை என்ற தைரியத்தில் போட்டான்.

அந்த வாரமே ஒருத்தி வந்தாள்.

கீழ்பென்னாத்தூர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற கவிநிலா. தரகர் கொண்டுவந்த இடம். சகாதேவனுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதும் போனால் இனித் தன்னால் ஆகாது என்று தரகரே கையை விரித்திருந்தார். பெண்ணின் அப்பா சுப்பன், ஜாதகம் பார்த்துத் தலையாட்டிவிட்டார். பெண் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கு முன் தான் மாப்பிள்ளையோடு பத்து நிமிடம் போனில் பேசிவிட வேண்டும். வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கடையில் கூட்டம் கம்மியாக இருக்கும், அப்போது கூப்பிடுவாள். ஒரு தடவைதான் கூப்பிடுவாள்.

சகாதேவன் புதன்கிழமையே ‘சாதன வெளியேற்ற அனுமதிப் படிவம்’ வாங்கிப் பூர்த்தி செய்தான். நோக்கம் என்ற கட்டத்தில் ‘கல்யாணம்’ என்று எழுதினான். விமல்ராஜ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்தக் கவிநிலாவ நேர்ல பாத்திருக்கீங்களா?"

"போட்டோல பாத்தேன் சார்."

"போட்டோ யாரு அனுப்புனது?"

"தரகர் சார்."

"தரகருக்கு யாரு அனுப்புனது?"

சகாதேவன் யோசித்தான். அதுவரை அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றியதில்லை.

"பாத்தீங்களா. இதத்தான் நான் மூணு நாள் படிச்சேன்" என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பித் தந்தார் விமல்ராஜ்.

வியாழக்கிழமை பதினொன்று அடித்து இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டாம் பொந்து பாடியது. சகாதேவன் எழுந்தான். விமல்ராஜ் போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையைக் காட்டினார். வேலை நேரத்தில் ஒலிக்கும் சாதனத்தைப் பாதுகாப்புப் பிரிவுதான் எடுக்க வேண்டும் என்பது ஏழாவது விதி. போனை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சகாதேவனுக்கு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. இருபத்திரண்டு நிமிடம் அசைந்தது. நடுவில் இரண்டு முறை எழுதிக்கொள்ள நிறுத்தினார்.

மதியம் பதிவேடு திறந்திருந்தபோது சகாதேவன் எட்டிப் படித்தான்.

‘அழைத்தவர்: பெண். குரல் இனிமை. இனிமை சந்தேகத்தை உறுதி செய்தது. கேட்ட ரகசியங்கள்: ஊழியரின் சம்பளம், குடிப்பாரா, வீடு சொந்தமா, கோபம் வந்தால் என்ன செய்வார். நம் தரப்பில் கசிவு: இல்லை. எதிரியிடமிருந்து பெற்றவை: பிறந்த தேதி, வீட்டு முகவரி, படிப்பு டி.ஃபார்ம், தாயார் பெயர் வெள்ளையம்மாள், முதல் வகுப்பு ஆசிரியை பெயர், அம்மை போட்ட வருடம். நடவடிக்கை: எண் தடை செய்யப்பட்டது. ஊழியரின் சாதனம் முன்னெச்சரிக்கையாக முழுவதும் அழிக்கப்பட்டது.’

சாயங்காலம் கைக்கு வந்த போன் புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. எந்த மொழியில் பேசலாம் என்று அவனையே கேட்டது. கவிநிலாவின் நம்பரும் இல்லை, மஞ்சள் சுடிதாரில் நிற்கிற அந்தப் போட்டோவும் இல்லை.

தரகர் நேரிலேயே வந்துவிட்டார். "உன் அண்ணன்னு எவனோ எடுத்து அந்தப் பொண்ணுகிட்ட ஆதார் நம்பர் கேட்டானாமே. நீ ஒத்தப் புள்ளைதானேய்யா?" என்றார். சுப்பன் இந்த இடம் வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டாராம். பெண் என்ன சொன்னாள் என்று சகாதேவன் கேட்டான். "அது ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் எனக்கு பயமா இருக்குது."

இரண்டு நாள் கழித்துப் பௌர்ணமி வந்தது.

கிரிவலப் பாதை விடுதி வாசல் வழியாகத்தான் போகிறது. மத்தியானத்திலிருந்தே சாலை முழுக்கத் தலைகள். விமல்ராஜுக்கு அத்தனை தலைகளும் அத்தனை மொபைல்களாகத் தெரிந்தன. சிக்னல் எதுவரை வெளியே கசிகிறது என்று அளந்துவிடுவதற்கு இதைவிட ஆபத்தான நாள் கிடைக்காது என்று அன்றைக்கே ஆய்வு வைத்தார். அளக்கிற போனைச் சகாதேவன் கையில் கொடுத்தார். கட்டடத்தைச் சுற்றி ஐந்து சுற்று. ஒன்பது அடிக்கு ஒரு முறை திரையில் தெரிகிற எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். பின்னாலேயே விமல்ராஜ் பதிவேட்டில் எழுதி வருவார். நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் கணக்குக் கெட்டுவிடும், முதலிலிருந்து வர வேண்டும். ஒரு முறை நாய் குறுக்கே வந்ததாலும் ஒரு முறை இளநீர் வண்டியாலும் ஏற்கெனவே இரண்டு தடவை முதலிலிருந்து வந்தாகிவிட்டது.

பௌர்ணமியன்று சகாதேவன் செருப்புப் போடுவதில்லை. சுற்றுவது என்று சொன்னால் வலது கைப்பக்கமாகத்தான் அவன் கால் திரும்பும். அதன்படியே திரும்பினான்.

சாலையில் போன ஒரு குடும்பம் இதைப் பார்த்தது. வாசலில் பூட்டிய கம்பிக் கூண்டு, உள்ளே நீல ஒளி. வெறுங்காலோடு ஒருவன் கையில் எதையோ ஏந்திக்கொண்டு வலம் வருகிறான். நிற்காமல் எதையோ சொல்கிறான். அவன் சொல்வதைப் பின்னால் ஒருவர் பயபக்தியோடு எழுதிக்கொண்டு போகிறார். போன பௌர்ணமிக்கு இது இங்கே இல்லையே என்று சொல்லிக்கொண்டு குடும்பம் உள்ளே திரும்பியது. குடும்பம் திரும்பியதைப் பார்த்து ஒரு பஸ்ஸில் வந்த கூட்டம் திரும்பியது.

"மைனஸ் அறுபத்திரண்டு" என்றான் சகாதேவன்.

"அரோகரா" என்றார்கள் பின்னால்.

இரண்டாம் சுற்றில் பதினெட்டுப் பேர். மூன்றாம் சுற்றில் சாந்த் பாஷா எண்ணுவதை விட்டுவிட்டு, வரிசையாக வரச் சொல்ல ஆரம்பித்தார். அவரைக் கேட்காமலே யாரோ கூண்டுக்குக் கதம்பம் சாத்தியிருந்தார்கள். ஒரு அம்மாள் விபூதி கேட்டார். "அது என் கையில இல்லம்மா. உள்ள சார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்" என்றார் சாந்த் பாஷா. கொள்கை வந்த பிறகு அவர் அதைச் சரியாகப் பின்பற்றியது அந்த ஒரு தடவைதான். விமல்ராஜ் திரும்பிப் பார்த்து, ‘அனுமதியின்றிச் சிக்னல் எல்லைக்குள் நுழைந்தோர்: எண்பதுக்கு மேல்’ என்று எழுதினாரே தவிர நிற்கவில்லை. நின்றால் முதலிலிருந்து வர வேண்டும்.

நான்காம் சுற்றில், கட்டடத்தின் பின்புறம் திரும்பும்போது, சகாதேவனின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"நீங்கதான் சகாதேவனா?"

மஞ்சள் சுடிதார் இல்லை, பச்சைப் புடவை. ஆனாலும் தெரிந்தது. அவளுக்கு இரண்டடி பின்னால் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்ட ஒரு அம்மாள் வேகமாக நடந்து வந்தார்.

"மைனஸ் அறுபது" என்றான் சகாதேவன். பிறகு, "ஆமாங்க" என்றான்.

"நான் கவிநிலா. இவங்க எங்க அத்தை பச்சையம்மாள். உங்க ஆபீசுக்கு என்னைப் பத்தி எல்லாமே தெரியும், எங்க ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் பேரு வரைக்கும். உங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல. பத்து நிமிஷம் கேட்டேன், குடுக்கல. வீட்ல வேணாம்னு சொல்லிட்டாங்க. அப்படி இன்னாதான் இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சகாதேவன், ரீடிங் மட்டும் சொல்லுங்க" என்றார் பின்னாலிருந்து விமல்ராஜ். "உறுதிமொழி ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. வாய் திறந்தால் வேலையில்லை என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. திறக்காவிட்டால் இந்தப் பெண் சாலைக்குத் திரும்பி, அந்தக் கூட்டத்தோடு போய்விடுவாள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கிணற்று மூலை வரை சகாதேவன் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு நடந்தான். அதற்குள் இரண்டு அரோகரா போய்விட்டது.

"சம்பளம் எவ்ளோங்க?" என்றாள் அவள்.

"மைனஸ் எழுபத்தொண்ணு. பதினேழாயிரங்க."

"அரோகரா."

விமல்ராஜின் பேனா ஓடியது.

"குடிப்பீங்களா?"

"மைனஸ் அறுபத்தாறு. கூட்டாளி கல்யாணத்துல ஒரு தடவை. அன்னிக்கே வாந்தி எடுத்துட்டேங்க."

"வீடு?"

"சொந்த வீடு. மேல ஷீட்டு. மைனஸ் ஐம்பத்தொம்பது. மழைக்கு ஒரு எடத்துல ஒழுகும். எந்த எடம்னு கண்டுபுடிச்சாச்சு."

"ரெண்டு எடம் தட்டிப் போச்சாமே, ஏன்?"

"ஒண்ணுல என்னை வேணாம்னாங்க. மைனஸ் அறுபத்து மூணு. இன்னொண்ணுலயும் என்னைத்தான் வேணாம்னாங்க."

அத்தை பச்சையம்மாள் சிரிப்பைத் துண்டால் துடைத்தார். கோபம் வந்தால் என்ன செய்வார் என்று அவரே கேட்டார். வெளியே போய் ஸ்கூட்டரைத் துடைப்பேன் என்றான் சகாதேவன். ஸ்கூட்டர் எப்படி இருக்கும் என்று அத்தை கேட்டார். அழுக்காகத்தான் இருக்கும் என்றான். அத்தைக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது.

ஐந்தாம் சுற்றில் அம்மாவின் சர்க்கரை, தங்கைகள் இல்லாதது, ஸ்கூட்டருக்குக் கட்டவேண்டிய நான்கு தவணை, தலைமுடி நெற்றிப் பக்கம் கொட்டுவது எல்லாம் வெளியே வந்தன. கடைசித் திருப்பத்தில் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் வேலூர்ல பி.ஃபார்ம் சேரணும்னு இருக்கேன். அதுக்கு இன்னா சொல்றீங்க?"

சகாதேவன் எண் சொல்ல மறந்தான். அரோகராவுக்குத் தயாராக இருந்த எண்பது பேரும் காத்திருந்தார்கள்.

"அதுக்கு என்னை எதுக்குங்க கேக்கணும்? ஆறு மணி வேலூர் பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தி. நான் முன்னாடியே போய் எடம் போட்டு வெக்கறேன்."

அவள் தலையை அசைத்துவிட்டு, அத்தையோடு மிச்ச மலையைச் சுற்றப் போய்விட்டாள்.

மறுநாள் விமல்ராஜ் எம்.டி. முன்னால் பதிவேட்டை விரித்தார். சிக்னல் ஒரு பக்கம், சகாதேவன் ஒரு பக்கம். சகாதேவனிடமிருந்து மொத்தம் பதினான்கு தகவல்கள் கசிந்திருந்தன. அவனை உடனே இடைநீக்கம் செய்தார்கள். வரவேற்பு மேசையில் விமல்ராஜே உட்கார்ந்து, அறை கேட்டு வந்தவர்களிடம் அவரவர் தாய்மாமன் பெயரைக் கேட்டார். இரண்டு வேன் திரும்பிப்போனதும், நான்காம் நாள் எம்.டி. சகாதேவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். ஆனாலும் விசாரணை விசாரணைதான் என்றார்.

விசாரணை விமல்ராஜின் வாழ்நாள் சாதனையாக அமைந்தது.

"பொய்த் தகவல் கசிஞ்சா அது கசிவே இல்ல மாமா" என்று எம்.டி.க்கு விளக்கினார். "அதனால பதினாலும் உண்மைதானான்னு மொதல்ல நாம சரிபாக்கணும். அப்புறம், அந்தப் பார்ட்டி இந்தத் தகவலையெல்லாம் தெரிஞ்சிக்கக் கூடாது. எதையெல்லாம் தெரிஞ்சிக்கக் கூடாதுன்னு நாம அவங்களுக்குத் தெளிவா எழுதி அனுப்பணும். இது பதினோராவது விதி."

எம்.டி. இதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். இரண்டு முறையும் சரியாகவே இருந்தது.

விமல்ராஜ் அடி அண்ணாமலைக்குப் போய் எட்டு வீட்டில் விசாரித்தார். வீட்டு வரி ரசீதைப் பார்த்தார். ஷீட்டின் ஓட்டையை அளந்தார். வாந்தி எடுத்த கல்யாணத்தின் மாப்பிள்ளையிடம் எழுதி வாங்கினார். ஸ்கூட்டரின் அழுக்கை நான்கு கோணத்தில் படம் எடுத்தார். பிறகு நான்கு பக்கத்துக்கு ஒரு அறிவிப்பு தயாரித்து, ‘மேற்கண்ட பதினான்கு தகவல்களும் நேரடி விசாரணையில் உண்மையெனக் கண்டறியப்பட்டன’ என்று முத்திரை குத்தி, ஏழு நாளுக்குள் இவற்றை அழித்துவிட்டதாக உறுதி அளிக்கக் கோரி, கீழ்பென்னாத்தூர் சுப்பன் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது.

‘பாதுகாப்பு அலுவலர் அவர்களுக்கு, சுப்பன் வணக்கம். தாங்கள் அனுப்பிய விவரம் கிடைத்தது. இதுவரை என் பெண்ணுக்கு ஐந்து வரன் வந்தது. அரசாங்க வேலை என்று சொன்னவன் கூட இப்படி முத்திரை போட்டுக் கொடுத்ததில்லை. குறையையும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் நிறையையும் நம்புகிறோம். ஏழு நாளில் மறக்கச் சொன்னீர்கள். எனக்கு வயது அறுபத்தெட்டு, நான் மறந்துவிடுவேன். பெண் மாட்டேன் என்கிறாள். மேலும் கடிதத்தை நகல் எடுத்துப் பங்காளிகளுக்கும் மாமன் வீட்டாருக்கும் கொடுத்தாகிவிட்டது. வருகிற புதன்கிழமை பூ வைக்க வருகிறோம். பதினொரு பேர்.’

விமல்ராஜ் அதைச் சகாதேவன் முன்னால் வைத்தார். முகம் கறுத்திருந்தது.

"கசிவு பதினொரு பேருக்குப் பரவிடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அறிவிப்பு குடுத்து நேர்ல கையெழுத்து வாங்கணும். புதன்கிழமை இவங்கள்லாம் எங்க இருப்பாங்க?"

சகாதேவன் கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு முறை படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினான்.

"எங்க வீட்லதான் சார். வந்துடுங்க. மத்தியானச் சாப்பாடு."

புதன்கிழமை விமல்ராஜ் பதினொரு உறைகளோடு வந்தார். ஷீட்டுக் கூரையின் கீழ் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, உறையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கினார். அவர்களும் பத்திரிகை வைக்கிறார் என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். மூலையில் அசல் தரகர் காபி டம்ளரோடு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு கண்ணு இவரு, ஒருத்தர் விடாம விசாரிக்கிறாரு?" என்று கேட்டார் அத்தை பச்சையம்மாள்.

கவிநிலா தலையில் வைத்த பூவைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"இவருதான் அத்தை இந்த இடத்த முடிச்சி வெச்ச தரகரு."

அத்தை உடனே வெற்றிலை பாக்கின் மேல் ஐநூற்றொரு ரூபாயை வைத்துத் தாம்பாளத்தோடு நீட்டினார். விமல்ராஜ் பின்வாங்கி, பையிலிருந்து கொள்கையை எடுத்து, முதல் விதியிலிருந்து கடைசி விதி வரை நின்றுகொண்டே படித்துப் பார்த்தார். தரகுக் கூலிக்கு அதில் எந்தத் தடையும் இல்லை.